பதினேழாம் கல்லில் உட்காரும் உரிமை

"மூணாவது பிரபு பண்ணின கூத்தைக் கேளுங்க" என்று வால்புர்கா டீட்சல் ஆரம்பித்தால் எல்லை நடையில் பின்னால் வரும் நூறு பேரும் ஓட்டமாக வரவேண்டியதுதான். அவள் நடையைத் தளர்த்த மாட்டாள். வயது அறுபத்தொன்பது. முப்பத்தாறு வருஷம் ஹோல்டர்ஷ்டைனில் தபால் கொண்டுபோய்க் கொடுத்த கால்கள் அவை.

ஹோல்டர்ஷ்டைன் ஒரு காலத்தில் தனி நாடு. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடலாம். ஆண்ட பிரபுக்கள் ஒன்பது பேருக்கும் வோல்ஃப்ராம் என்றே பெயர். படையில் பதினோரு பேர். அதில் நாலு பேர் எக்காளம் ஊதுகிறவர்கள். இதைக் கேட்டு யாராவது சிரித்துவிட்டால் போச்சு. "சின்ன நாடுன்னா இளப்பமா? ஒரு அடி நிலம் பறிபோனதில்ல, தெரியுமில்ல?" என்று பாய்வாள். பிரபுக்களைப் பற்றி ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாள். ஐந்தாமவர் "சோம்பேறி, ஆனா நல்ல மனசு". எட்டாமவர் பேரை எடுத்தாலே உதட்டைச் சுழிப்பாள். எக்காளக்காரர்களை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான்.

ஏழு வருஷத்துக்கொரு முறை ஊரே அந்தப் பழைய எல்லையை நடந்து, நாற்பத்திரண்டு எல்லைக் கற்களையும் தொட்டுவிட்டு வரும். ஒன்று விட்டுப்போனாலும் அது தங்களுடையது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். சட்டப்படி ஒன்றும் கிடையாதுதான். ஆனால் அடுத்த நடை வரை அந்தக் கேலியை யார் தாங்குவது?

இந்த முறை பதினேழாம் கல் வேலிக்குள் மாட்டிக்கொண்டது. நகரத்திலிருந்து வந்து குதிரை வளர்க்கும் ருடிகர் கான்ஸ்மன் கதவைப் பூட்டிவிட்டார்.

"வெளியில நின்னு பாத்துட்டுப் போயிடலாமே, வால்புர்காம்மா" என்றார் மேயர்.

"பாத்தா போதும்னா எங்க வீட்டு ஜன்னல்லேருந்தே பாத்திருப்பேனே!"

அந்தக் காலத்தில் பக்கத்து நாட்டான் திருட்டுத்தனமாக நகர்த்திய அந்தக் கல்லை, நாலாம் பிரபுவின் மனைவி அடல்குண்டே தன் கோச்சு வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து திரும்ப நட்டாள். அதையா விட்டுவிட்டுப் போவது?

கதவுக்கு அந்தப் பக்கம் ருடிகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இது என் இடம். பத்திரம் இருக்கு."

"இருக்கட்டுமே, யாரு இல்லேன்னா? நீங்க இங்க வந்து எத்தனை வருஷம்?"

"ஆறு."

"அடடா, போன நடைக்கு அப்புறம் வந்தவரா! அப்ப உங்களைக் கல்லுல உக்கார வெக்கவே இல்லையே! புதுசா வந்தவங்களைத் தூக்கி மூணு தடவை கல்லுல இடிச்சு உக்கார வெச்சாத்தான் அவங்க ஊர்க்காரங்க. அதுவரைக்கும் ஒன்பது வோல்ஃப்ராமுக்கும் நீங்க விருந்தாளிதான்."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்: "ஆறு வருஷமா ரொட்டிக் கடையில உங்களைக் குதிரைக்காரர்னுதானே சொல்றாங்க? இருக்கிற ஊர்ல பேர் சொல்லிக் கூப்பிட ஆள் வேணாமா?"

ருடிகர் முகம் சிவந்துவிட்டது. எல்லாப் பைகளிலும் சாவியைத் தேடினார். கிடைத்ததும் கதவைத் திறந்தார்.

வால்புர்கா நன்றி சொல்லவில்லை. நேரே கல்லிடம் போனாள். கழுத்துத் துண்டை அவிழ்த்து அதன் தலையிலிருந்த பாசியையும் பறவை எச்சத்தையும் சுத்தமாகத் துடைத்தாள். பிறகு, "வாங்க, ருடிகர்" என்று உள்ளங்கையால் கல்லைத் தட்டிக் காட்டினாள்.