நுரை டாக்டரின் மூக்கு

பல் டாக்டருக்கு இருக்கும் வசதி வேறு எந்த டாக்டருக்கும் கிடையாது. அவர் பேசும்போது எதிராளி குறுக்கே பேச முடியாது. நாற்காலியைச் சாய்த்து, கன்னத்துக்குள் பஞ்சை அடைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயை உதட்டோரம் மாட்டிவிட்டால், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசிக்கொண்டே வேலை செய்யலாம். நம் டாக்டர் இத்தாலியிலிருந்து வரும் நுரைக்கும் வைன்களைப் பற்றிப் பேசுவார்.

"புரோசெக்கோ இருக்கே, அதைப் பெரிய தொட்டியில நுரைக்க வைப்பாங்க. லேசா, பழ வாசனையா இருக்கும். ஃபிரான்சியாகோர்த்தா அப்படி இல்ல. பாட்டிலுக்குள்ளயே நுரைக்கணும். மாசக்கணக்குல படுக்கப் போட்டு வைப்பாங்க. அதான் விலை. வலிக்குதா? வலிச்சா கையைத் தூக்குங்க."

கையைத் தூக்கினாலும் எடுத்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் கருவியை நிறுத்துவார். சொத்தைப் பல்லோடு வந்தவர், லாம்ப்ருஸ்கோ என்பது பெரும்பாலும் சிவப்பாக இருக்கும், நுரைக்கும், கொழுப்புள்ள இறைச்சிக்குப் பொருந்தும் என்கிற அறிவோடு வீடு திரும்புவார். இப்படித்தான் அவருக்கு 'நுரை டாக்டர்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியது. அவர் அதற்காக வருத்தப்படவில்லை.

ஆனால் வாயைத் திறந்துகொண்டு கேட்பவர்களுக்கு வேறு வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு, தானாக வந்து உட்கார்ந்து, விரும்பிக் கேட்கிற நாலு பேர் வேண்டும் என்று அவர் மனசு ஏங்கியது. அதற்காகத்தான் 'நுரை வட்டம்' ஆரம்பித்தார். கிளினிக்குக்கு மேலே உள்ள ஹாலில் மாதம் ஒரு கூட்டம். பொருளாளராக ஓர் ஆடிட்டர், செயலாளராக ஒரு சிமெண்ட் வியாபாரி, இவர்கள் இழுத்துக்கொண்டு வந்த நண்பர்கள், அவரவர் மனைவிமார். தலைவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக் கோப்பையைக் கையில் எடுத்தால் ஹால் முழுக்க அமைதியாகிவிடும். அந்த அமைதிக்காக அவர் எதையும் விட்டுக்கொடுப்பார்.

வட்டத்தின் சட்டங்கள் கடுமையானவை. கார்க்கைத் திருகக் கூடாது, பாட்டிலைத்தான் திருக வேண்டும். டப்பென்று சத்தம் வந்தால் திறந்தவர் தலைகுனிந்து நிற்க வேண்டும். பொரித்த மீன், உருளைக்கிழங்கு வறுவல் போன்ற உப்பும் எண்ணெயும் உள்ளவற்றுக்கு இனிப்பில்லாத நுரை. கேக்குக்கு மட்டும் ஆஸ்தி என்கிற இனிப்பு வைன். சிமெண்ட்காரர் தன் மகள் கல்யாணத்தில் கேக்கை வெட்டி, அதோடு துளியும் இனிப்பில்லாத, இருப்பதிலேயே விலை கூடின பாட்டிலைத் திறந்துவிட்டார். கேக்கைத் தின்ற வாயில் அது எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததுபோல் இருந்தது. சம்பந்தி வீட்டார் முகம் சுளித்தார்கள். அதற்குப் பிறகு வட்டத்தில் அவர் எதைப் பேச எழுந்தாலும், யாராவது ஒருவர் கேக்கை விசாரிப்பார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது டாக்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வெந்நீராகிவிட்டது. கிளினிக்கில் கிராம்புத் தைலத்தை மூடியைத் திறந்து மூக்கின் கீழேயே பிடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிராந்திக்கும் பினாயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஓர் ஆள் நுரை வட்டத்துக்குத் தலைவர் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது? தலைவர் பதவியில் ஆடிட்டர் வேறு ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். டாக்டர் விஷயத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"அழாதீங்க," என்றாள் அவள். "நான் பக்கத்துலதான உக்காந்திருக்கேன். நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன்."

"எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்லுவ?"

"மேசைக்கு மேலதான் எல்லாரும் இருக்காங்க. கீழ யாரு பாக்கப்போறா?"

இருவரும் சேர்ந்து காலால் ஒரு பாஷை உண்டாக்கினார்கள். காலில் ஒரு மிதி விழுந்தால் பழ வாசனை. இரண்டு மிதி என்றால் ரொட்டி வாசனை. மெதுவாக அழுத்தினால் இனிப்பு. குதிகாலால் விழுந்தால் சரக்கு கெட்டுப்போயிருக்கிறது, வாயைத் திறக்காதே என்று அர்த்தம்.

ஆச்சரியம் என்னவென்றால், மூக்கு போன பிறகுதான் டாக்டரின் புகழ் ஏறியது. முன்பெல்லாம் முகர்ந்து பார்த்து, "ஆப்பிளா, பேரிக்காயா..." என்று இழுப்பார். இப்போது சந்தேகமே கிடையாது. ஒரு மிதி விழுந்தால் போதும், பனி காயாத காலையில் பறித்த பச்சை ஆப்பிள் என்பார், அதைப் பறித்த பெண்ணின் கூடை என்பார். இரண்டு மிதிக்கு ஒரு பேக்கரியையே கட்டி எழுப்பிவிடுவார். உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கூடையும் தெரிகிறது என்பார்கள்.

"ஏங்க, ஒரு மிதிக்கு இவ்வளவு பேச்சா?" என்று வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்பாள். டாக்டர் அசடு வழிவார்.

வட்டத்தின் ஆண்டு விருந்து வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் தேர்தல். டாக்டர் மனைவியோடு ஹாலுக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் பெயர் எழுதிய அட்டை நின்றது. ஆடிட்டர் ஏதோ பத்திரிகையில், பெரிய விருந்துகளில் கணவன் மனைவி பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று படித்துவிட்டாராம். டாக்டருக்கு மேசையின் இந்தத் தலை. மனைவிக்கு அந்தத் தலை, ஆடிட்டருக்குப் பக்கத்தில். டாக்டரின் காலுக்கும் அவள் காலுக்கும் நடுவே பத்துப் பதினைந்து ஜோடி செருப்புகள்.

காளானும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுட்ட கோழி வந்தது. அதற்குப் பொருத்தமாக டாக்டரே தேர்ந்தெடுத்த ஃபிரான்சியாகோர்த்தாவும் வந்தது. ஹால் அமைதியானது. டாக்டர் கோப்பையைச் சுழற்றினார், மூக்கருகே கொண்டுபோனார், கண்ணை மூடினார். ஒன்றும் இல்லை. கால் வேறு அனாதையாகக் கிடந்தது. அவர் துணிந்து அள்ளிவிட்டார்.

"வெள்ளைப் பூக்கள். அப்புறம், அடுப்புலேர்ந்து இப்பதான் எடுத்த ரொட்டி."

"ஆமா, ரொட்டி," என்றார் சிமெண்ட்காரர் முந்திக்கொண்டு.

"பூ தூக்கலா இருக்கு," என்றார் ஆடிட்டர். "மல்லிகைன்னு நினைக்கிறேன்." பிறகு, விருந்து முறைப்படி பக்கத்தில் இருப்பவரை விசாரிக்க வேண்டுமே என்று திரும்பினார். "உங்களுக்கு என்ன தெரியுதுங்க மேடம்?"

இத்தனை நாளும் அவள் வேலை உள்ளதை உள்ளபடி சொல்வது. வாயால் சொல்லித்தான் பழக்கமில்லை.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறுது," என்றாள்.

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "அவங்களுக்குப் பழக்கமில்ல, பாவம்," என்றார் சிமெண்ட்காரர். கேக் விஷயத்துக்குப் பிறகு அவரால் சிரிக்க முடிந்த முதல் சந்தர்ப்பம் இது, விடுவாரா? "வீட்டுலயே தலைவர் இருந்து என்ன பிரயோஜனம்?" என்றார் வேறொருவர். அவள் குனிந்து கோப்பைக்குள் பார்த்தாள். எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

கார்க் கெட்டுப்போனால் அந்த நாற்றம்தான் வரும் என்பது டாக்டருக்குப் பாடமாகத் தெரியும். அவள் சொன்னால் சொன்னதுதான். இப்போது அவர் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு புன்னகையோடு, "ஆமா, அவளுக்குப் பழக்கமில்ல," என்று சொல்வது. நாற்காலி தப்பிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. குனிந்திருந்த அவள் தலையைப் பார்த்தார். தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவ சொல்றதுதான் சரி," என்றார். "சரக்கு கெட்டுப்போயிருக்கு. எனக்கு மூக்கு வேலை செய்யல. காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசனையும் தெரியாது. நான் இங்க சொன்னதெல்லாம் இவ காலால மிதிச்சுச் சொன்னது."

ஆடிட்டர் மனக்கணக்கில் கெட்டிக்காரர். தலைவருக்கு மூக்கில்லை என்று ஒப்புக்கொண்டால், இத்தனை நாள் தனக்குக் கூடை தெரிந்தது எப்படி, இன்றைக்கு மல்லிகை வந்தது எப்படி என்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"பாத்தீங்களா, நம்மள சோதிச்சிருக்காரு. பெரியவங்க சொல்லிட்டா கண்ணை மூடிக்கிட்டு ஆமா போடறோமான்னு பாக்கறதுக்கு. மேடமும் கூட்டு."

"அப்படிப் போடுங்க," என்றார் சிமெண்ட்காரர். கைதட்டல் மேசையைச் சுற்றி வந்தது.

"இல்லங்க, நெஜமாவே எனக்கு மூக்கு..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"அந்தத் தன்னடக்கம் இருக்கே, அதான் தலைவர்," என்றார் ஆடிட்டர்.

தேர்தலே நடக்கவில்லை. டாக்டரை ஆயுள் தலைவராக்க வேண்டும் என்று ஆடிட்டரே முன்மொழிந்தார். டாக்டர் இன்னும் இரண்டு முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தார். கைதட்டல்தான் கூடியது. இந்த ஹாலில் தான் சொன்னதை ஒருவர்கூட ஒருபோதும் காதில் வாங்கியதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்தில் விழுந்த மாலையோடு சிரித்து வைத்தார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருமுனை திரும்பியதும் அவர் கேட்டார்.

"உன்னை ஒண்ணு கேக்கணும். இவ்வளவு நாள் எனக்காகக் குடிச்சியே. அதுல உனக்கு எது பிடிக்கும்?"

"எதுவும் பிடிக்காது."

"எதுவுமேயா?"

"ஒரே புளிப்பு. வாயில வெக்கவே பயமா இருக்கும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே." அவள் புடவைத் தலைப்பால் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். "பல்லெல்லாம் கூசுதுங்க. ரொம்ப நாளாவே. யாராவது நல்ல டாக்டரா இருந்தா சொல்லுங்க, காட்டணும்."