பின்படிக்கட்டுக் கதவு

போன கோடையில் ஒரு ஞாயிறு மத்தியானம், கட்டட வாசல் இன்ரர்போனில் ஒரு பெண்குரல் எங்கள் வீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று பிரெஞ்சில் கேட்டது. கறி கிண்டிக்கொண்டிருந்த அண்ணை அகப்பையைக் கீழே வைத்தார்.

"மேரியாலை வந்திட்டாங்கள். மெத்தையளை எடுங்கோ!"

"ஞாயிற்றுக்கிழமை ஆரண்ணை மேரியிலை வேலை செய்யிறது?"

"அதுதானே அவங்கடை கெட்டித்தனம்."

மேரி என்றால் மாநகரசபை. பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நாலாம் மாடியில் இருந்த அந்த வீடு மன்னார்க்காரரான அண்ணையின் பெயரில் இருந்தது. வாடகை ஒப்பந்தப்படி இரண்டு பேர் இருக்கலாம். இருந்தது நாலு பேர்: அண்ணை, நான், உணவகங்களில் வேலை செய்த வன்னிப் பொடியள் இருவர். அவர்களில் ஒருவனின் அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டிருந்தது.

சமையலறை மூலையில் ஒரு கதவு உண்டு. அதற்கு வெளியே பின்படிக்கட்டு. முன்பு நிலக்கரி சுமந்து ஏற்றிய வழி, இப்போது எவரும் பாவிப்பதில்லை. பொடியள் இருவரையும் ஆளுக்கொரு மெத்தையோடு அங்கே தள்ளி, அண்ணை கதவைப் பூட்டினார்.

"பேப்பர்காரன், நீர் கதையும். உமக்குத்தானே பிரெஞ்சு வரும்."

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் வேலை செய்ததற்காக அவர் எனக்குத் தந்த பட்டம் அது.

வாசலில் நின்றவர் தொண்ணூறை நெருங்கும் ஒரு மூதாட்டி. ஊன்றுகோல், நீல மழைக்கோட்டு, மேல்மூச்சு. கையில் ஒரு கோப்புக்கூட இல்லை. தண்ணீர் குடித்து முடித்த பிறகு, தான் பிறந்த வீடு இது என்றார்.

அம்மா போலந்திலிருந்து வந்த யூதப் பெண். அந்த யன்னலடியில் இருந்து கடைகளுக்குத் தொப்பி தைத்தவர். ஜெர்மன்காரர் பாரிஸைப் பிடித்திருந்த காலம். அப்பாவை முதலே கொண்டுபோய்விட்டார்கள். பிறகு ஒரு யூலை மாதக் காலையில் பிரெஞ்சுப் பொலிசார் முன்படியால் ஏறி வந்தார்கள். அம்மா சமையலறைக் கதவைத் திறந்து, ஐந்து வயது மகளைப் பின்படியால் இறக்கி, முதலாம் மாடிப் பெண்ணிடம் போகச் சொன்னார். அந்தப் பெண் சிறுமியைத் தன் பிள்ளை என்று சொல்லி வளர்த்தார். அம்மாவைத் திரான்சி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ரயிலில் ஆவுஷ்விட்ஸுக்கு. "திரும்பி வரவில்லை" என்றார், ஒரு முகவரி சொல்வதுபோல.

நான் அண்ணைக்கு மொழிபெயர்த்தேன்.

"திரான்சியோ? தங்கச்சி வீட்டை போற வழியெல்லோ!"

தங்கை ஓல்னே-சூ-புவாவில் இருக்கிறார். கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் திரான்சி நிலையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே ஒரு முகாம் இருந்தது என்று அண்ணைக்கு எவரும் சொன்னதில்லை.

"அந்தக் கதவு இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார் மூதாட்டி.

"திறப்பு துலைஞ்சு போச்செண்டு சொல்லும்" என்றார் அண்ணை.

சொன்னேன். திறப்பு பூட்டிலேயே தொங்கியது. மூதாட்டி அதைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். முன்பு குடியிருந்தவர்கள் தன்னை இரண்டு தடவை உள்ளே விடவில்லை என்றும், தான் எவரிடமும் எதுவும் சொல்லப் போவதில்லை என்றும் சொன்னார். ஒரேயொரு விசயம் தெரியவேண்டும். அன்று தான் படி வளைவுக்குப் போய்ச் சேருமுன்பே மேலே கதவு அறைந்து சாத்திய சத்தம் கேட்டது. தான் இறங்குவதை அம்மா பார்த்து நிற்கவில்லையா? அவ்வளவு அவசரமாகவா மூடினார்?

நான் இதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போது கதவுக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டது.

அண்ணை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். பொடியள் இருவரும் மெத்தைகளைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள்.

"போன்ஜூர், மதாம்" என்றான் தும்மியவன்.

"இங்கே எத்தனை பேர்?" என்று கேட்டார் அவர்.

அண்ணை இரண்டு விரலைக் காட்டினார். பிறகு நாலு விரல்.

"போருக்கு முன்பு, கூடத் தங்கியவர்களோடு சேர்த்து, நாங்கள் ஆறு பேர்" என்று சிரித்தபடி அவர் படிக்கட்டுக்கு வந்தார்.

தும்மியவன் மெத்தையை மற்றவனிடம் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினான். "மெல்லமாயணை, அம்மா." தமிழ் விளங்காவிட்டாலும் அவர் கையைப் பிடித்தார். இருவரும் இறங்கத் தொடங்கினார்கள். அண்ணை படிக்கட்டு விளக்கைப் போடுவதற்காகக் கதவிலிருந்து கையை எடுத்தார். கதவு தானாகவே சுழன்று அறைந்து சாத்திக்கொண்டது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் நின்றது.

"யார் மூடியது?"

"ஒருவரும் இல்லை" என்று கத்தினேன்.

"இன்னொரு தடவை."

அண்ணை கதவை முழுவதும் திறந்து, கைகளை உயர்த்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. பழைய கட்டடம், நிலை சரிந்திருந்தது. கதவும் கீலும் அந்தக் காலத்தவைதானா என்று குனிந்து பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் குனியவில்லை.

மூன்றாம் தடவை அண்ணை கதவைத் திறந்து, அதில் முதுகைக் கொடுத்து நின்றார். மூதாட்டி வளைவுக்குப் போய்த் திரும்பி, நிமிர்ந்து மேலே பார்த்தார். அண்ணை கையை ஆட்டினார்.

"அங்கையிருந்து தெரியுதோ எண்டு கேளும்."

கேட்டேன்.

"தெரிகிறது" என்றார் அவர். பிறகு பொடியனின் கையைப் பிடித்துக்கொண்டு முதலாம் மாடிக்கு இறங்கினார்.