மணப்பெட்டியில் மாமியார்

இது நடந்தது. நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில். பகலில் பேய் வருமா என்று கேட்பவர்கள் அந்தப் பேயின் மருமகளிடமே கேட்டுக்கொள்ளலாம். எனக்கு வேறு வேலை இருக்கிறது.

மருமகளுக்கு மின்னூலகத்தில் வேலை. தொழிலாளிகள் வேலை செய்வதை அங்கே மூன்று விதமாகப் பதிந்து வைப்பார்கள். காதுக்கு ஓசை, கையுறை வழியாகக் கைக்கு அதிர்வு, மணப்பெட்டி வழியாக மூக்குக்கு மணம். துணி தேய்க்கும் மாமியாரையும் அவளே பதிந்தாள். ஓசைக்கும் அதிர்வுக்கும் மறுக்காதவர், மணப்பெட்டியைக் கண்டதும் முறைத்தார்.

"என் வேர்வையப் பெட்டியில அடைச்சு ஊருக்கே மோந்து பாக்கக் குடுப்பியா? போடி!"

அடுத்த மாதமே போய்ச் சேர்ந்தார். அவர் மிஞ்சியது மணம் இல்லாத அந்த ஒரு பதிவில்தான்.

இப்போது மேலாளர் உத்தரவு போட்டிருந்தார். மூன்றில் ஒன்று குறைந்த பதிவுகளையெல்லாம் ஐந்து மணிக்குள் அழித்துவிட வேண்டும். இடம் போதவில்லையாம்.

கடைசியாக ஒருமுறை கேட்போம் என்று காதில் மாட்டினாள். தொப்... ஸ்ஸ்ஸ்... தொப்... இஸ்திரிப்பெட்டி. கழற்றி வைத்தாள்.

தொப்... ஸ்ஸ்ஸ்...

கழற்றிய பிறகும் கேட்டது.

மேசையில் கையுறை கிடந்தது. உள்ளே கை இல்லை. விரல்கள் மட்டும் மடங்கின... நீண்டன...

மணப்பெட்டியிலிருந்து சூடான துணியின் மணம் எழுந்தது.

பிறகு கருகல்...

மருமகள் ஓடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"மிரட்டாதீங்க அத்தை. பன்னெண்டு வருஷம் உங்களோட குப்பை கொட்டினவ நான்."

கருகல் தணிந்தது.

கதவு திறந்தது. மேலாளர்.

"இன்னும் அழிக்கலையாம்மா?"

"அழிக்க மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும். வேணும்னா நீங்களே அழிச்சுக்கோங்க."

அவர் பொத்தானில் விரல் வைத்தார். "ஆ!" என்று கையை உதறினார். விரல்நுனியில் கொப்புளம். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கசங்கியே இருந்த அவருடைய சட்டைக் கையில், கத்திபோல் ஒரு மடிப்பு.

விரலை ஊதிக்கொண்டே போய்விட்டார்.

மறுநாள் மருமகள் கூப்பிட்டதும் பழுது பார்ப்பவர் வந்து மணப்பெட்டியைத் திறந்து காட்டினார். வெறும் கூடு.

"உள்ள இருந்ததப் போன மாசமே கழட்டிட்டுப் போயிட்டேனேம்மா?"

மருமகள் திரையைப் பார்த்தாள். மாமியாரின் பதிவில் மணத்துக்கான காலியிடம் நிரம்பியிருந்தது. முழுப் பதிவு. இனி எந்த உத்தரவும் அதைத் தொடாது. மணம் பதியத் தொடங்கியது, நேற்று பிற்பகல். முடிந்த நேரம் இருக்க வேண்டிய இடத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன...

இன்றும் ஓடுகின்றன. நிறுத்த யாரும் துணியவில்லை. துணிந்தாலும் மருமகள் விடமாட்டாள்.