மாமாவின் பேங்க் ஷாட்

அக்காவின் கணவர் கடலூர்–சிதம்பரம் பிரைவேட் பஸ் டிரைவர். ஞாயிறு மதியம் சிதம்பரத்தில் அவருக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. அங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் ஷட்டரை இறக்கிவிட்டு அவரோடு பில்லியர்ட்ஸ் ஆட மாடியிலிருக்கும் கிளப்புக்கு ஏறிவிடுவேன்.

மாமா பேங்க் ஷாட் பைத்தியம். பந்தை நேராகக் குழிக்குள் தள்ளினால் அவருக்குச் சோறு இறங்காது. மேஜையின் எதிர்ப்பக்க விளிம்பு ரப்பரில் மோதித் திரும்பி வந்து இந்தப் பக்கக் குழியில் விழ வேண்டும். பந்துக்கும் குழிக்கும் நடுவே ரப்பரில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு அளவாக அடிப்பார். பத்துக்கு எட்டு விழும்.

போன மழைக்காலத்தில் குறி தப்ப ஆரம்பித்தது. எப்படி அடித்தாலும் குழிக்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளியே பந்து போனது.

"ரப்பர் செத்துப்போச்சு மச்சான்."

"ஆமா மாமா, ஈரத்துல ஊறிக் கெடக்கு" என்றேன். அதே ரப்பரில் என் பந்து ஒழுங்காகத் திரும்பியதே, அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஸ்டிக்குக்குத் தேய்க்கிற நீலச் சாக்கட்டியை ரப்பருக்கு மேல், கொஞ்சம் வலப்பக்கமாக வைத்தேன். "அதப் பாத்து அடிங்க." விழுந்தது. சின்னப் பிள்ளைபோலக் குதித்தார்.

அதற்கப்புறம் வாராவாரம் சாக்கட்டி வைப்பது என் வேலை. இரண்டு விரல் மூன்றாகி, நான்காகியது.

ஒருநாள் பக்கத்து மேஜையில் ஆடினோம். அங்கேயும் அதே தப்பு, அதே பக்கம். மாமா இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். "மணி என்னா மச்சான்?" என்றார். வலது கண்ணுக்குக் கடிகார முள் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன். டிரைவருக்குக் கண் போனால் வேலை போச்சு, அக்கா வீட்டில் அடுப்பெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் சாக்கு. எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். சாக்கட்டியை இன்னொரு விரல் தள்ளி வைத்தேன்.

சித்திரையில், ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில், வலப்பக்கம் வந்த பைக்கை பஸ் உரசிவிட்டது. பைக்கில் வந்தவருக்குக் கை முறிந்தது. பஸ் முதலாளி மாமாவைக் கண் டெஸ்டுக்கு அனுப்பினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வலது கண் நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "வாராவாரம் கூடவே சுத்துனியேடா, ஒனக்குமா ஒண்ணும் தெரியல?"

நான் வாய் திறப்பதற்குள் மாமா குறுக்கிட்டார்.

"அவன ஏன் திட்டுற? அவனுக்கு எப்பிடித் தெரியும்? எனக்குதான் சந்தேகமா இருந்துச்சு. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிருவோம்னு நெனைப்பேன். ஞாயித்துக்கெழம பந்து வுழுந்துரும். கண்ணு நல்லாதான இருக்குன்னு வுட்டுருவேன்."

அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். சாக்கட்டியை நகர்த்திய அதே கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.