சொட்டு மருந்துக் கூடத்தில் கமா அக்கா

நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையின் தட்டச்சுப் பிரிவில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் அவர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் காவலாளிக்குக்கூடத் தெரியாது. கமா அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு முறை பெரிய டாக்டர் ஒலிப்பதிவில், "சொட்டு மருந்து மூன்று நாள் கழித்து கண்ணாடி" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கமாவை 'மருந்து'க்குப் பின்னால் போட்டால் ஒரு வைத்தியம், 'கழித்து'க்குப் பின்னால் போட்டால் வேறு வைத்தியம். எங்களில் வேறு யாராக இருந்தாலும் காதில் விழுந்தபடி அடித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போயிருப்போம். அக்கா ஆபரேஷன் தியேட்டர் வாசலில் போய் நின்றார். டாக்டர் வெளியே வந்ததும், "கமா எங்க சார் வரணும்?" என்று கேட்டுக்கொண்டுதான் திரும்பினார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கணவர் லிஃப்ட் மெக்கானிக், மகள் கல்லூரியில் கடைசி வருஷம். அக்கா கதை எழுதுவார். ஒரு தொகுப்பு வந்திருந்தது. வார இதழ்களில் அவ்வப்போது கதைகள் வரும். அவற்றை எங்களிடம் காட்டமாட்டார், நாங்களாகக் கண்டுபிடித்துப் படித்தால் உண்டு.

அந்த வருஷம் கதை வரவில்லை. ஒரு வார இதழின் ஆசிரியர் சிறப்பிதழுக்கு ஒன்று கேட்டிருந்தார், அக்காவும் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். ஏழு மாதம் ஓடியது, ஒரு பத்திகூட நிற்கவில்லை. காலை நாலரைக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பும்வரை மேஜையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். முதலில் பேனாவைக் குறை சொன்னார். பிறகு மேஜையை ஜன்னலிலிருந்து சுவர் பக்கம் திருப்பினார். சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்ததுதான் மிச்சம். சமையலறைக்கு மாறினார், மாடிப்படிக்கு மாறினார். எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்தில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டியபடியே காகிதக் கிளிப்பை நிமிர்த்துவார், வளைப்பார், அது முறியும்வரை விடமாட்டார். பேசினால் எரிந்து விழுவார், அடுத்த நிமிஷமே மன்னிப்புக் கேட்பார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன கேடு? மண்டைதான் காலியாயிடுச்சு."

மகளுக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "நீ உன்னையே கவனிச்சிக்கறதில்லம்மா" என்று சொல்லி வாசனை மெழுகுவத்தி, முகத்துக்குப் பூசும் களிமண் எல்லாம் வாங்கி வந்தாள். அக்காவும் மகள் மனம் கோணக்கூடாதென்று களிமண்ணைப் பூசிக்கொண்டு இருபது நிமிஷம் படுத்திருந்தார். "மூஞ்சி அப்படியே இறுகிப்போச்சு. சிரிக்கவும் முடியல, அழவும் முடியல. கதையில அடுத்த வரி என்னன்னு மட்டும் யோசிக்க முடிஞ்சுது" என்றார்.

அடுத்து ஓர் ஏரிக்கரையில் எழுத்தாளர்களுக்கான முகாம். நாலு நாள். தனி அறை, நல்ல மேஜை, வேளாவேளைக்குச் சாப்பாடு, யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். இரண்டாம் நாள் மாலையே பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

"ஏன்க்கா, வசதி பத்தலையா?"

"அங்க எழுதறதுக்கு எல்லாமே இருந்துச்சு. நான் மட்டும்தான் சரியில்ல. அது ஒவ்வொரு நிமிஷமும் தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

இதற்கெல்லாம் நடுவே ஒரு விஷயத்தை அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் டீ குடிக்கும்போது டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. குனிந்து சில்லுகளைப் பொறுக்கப் போனவரால் கட்டைவிரலை மடக்க முடியவில்லை. நான்தான் வலுக்கட்டாயமாக எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"எத்தனை நாளா வலி?" என்றார் டாக்டர்.

"ஒரு வருஷமா இருக்கும்."

"ஒரு வருஷமா ஏன் வரல?"

"வலிச்சாலும் அடிக்க முடிஞ்சுதே சார்."

"ஆபீஸ்ல நாள் பூரா உக்காந்து அடிக்கறீங்க. வீட்டுக்குப் போய் என்ன பண்றீங்க?"

"எழுதுவேன்."

"எப்படி, நின்னுக்கிட்டா?"

"உக்காந்துதான் சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு, ஆறு வாரம் விசைப்பலகையும் கூடாது, பேனாவும் கூடாது என்று சொல்லிவிட்டார். வாசலுக்கு வந்ததும் அக்கா அழுதார். வலியால் என்றுதான் நினைத்தேன். "எழுதக்கூடாதுன்னு அவர் சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அதான்" என்றார்.

மேலாளர் அவரைச் சொட்டு மருந்துக் கூடத்துக்கு மாற்றினார். பரிசோதனைக்கு முன் கண்மணியை விரிய வைக்கும் மருந்தை விட்டு நோயாளிகளை உட்கார வைக்கும் இடம் அது. அரைமணி நேரத்தில் பக்கத்தில் இருப்பதெல்லாம் மங்கிவிடும். யாரும் ஃபோனைப் பார்க்க முடியாது, பேப்பர் படிக்க முடியாது. ஆகவே பேசுவார்கள். நர்ஸ் கூப்பிட்டதும் ஆளைக் கையைப் பிடித்து டாக்டர் அறைவரை நடத்திக்கொண்டுபோய் விடுவதுதான் அக்காவின் வேலை. முதல் வாரம் புலம்பித் தள்ளினார். "காலுக்குச் சக்கரம் கட்டி விட்டுட்டாங்க" என்றார். ஆனால் கிளிப் முறிப்பது நின்றுபோனதை நான் கவனித்தேன். மதியம் சாப்பாட்டுப் பெட்டியும் காலியாகத்தான் திரும்பிப் போயிற்று.

மூன்றாவது வாரம் அது நடந்தது. வயதான இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முட்டிவலி, மருமகன்கள், தூக்கம் வராதது என்று ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல சிநேகிதிகள் என்று அக்கா நினைத்தார். மூத்தவரை முதலில் கூப்பிட்டார்கள். அக்கா கையைப் பிடித்து நடத்தியபோது அந்தம்மா மெல்லச் சொன்னார்: "பக்கத்துல உக்காந்திருந்தாளே, என் நாத்தனார். பதினாலு வருஷமா பேச்சு வார்த்தை இல்ல."

"அப்புறம் எப்படிம்மா பேசினீங்க?"

"இன்னிக்குத்தான் கண்ணு தெரியலையே. யாருன்னு தெரியாமப் பேசினேன்னு சொல்லிக்கலாம்."

"அவங்களுக்கு உங்களைத் தெரியலையா?"

"குரல் தெரியாதா? அவளும் அப்படித்தான் சொல்லிக்குவா."

கொஞ்ச நேரம் கழித்து இளையவரை அழைத்துப்போனபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முன்னாடி போனாங்களே, அவங்களுக்கு எந்தக் கண்ணும்மா ஆபரேஷன்?"

அன்று மதியம் அக்காவால் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. எழுதக் கை பரபரக்கிறது, பட்டைக்குள் விரல் துடிக்கிறது. "ஃபோன்ல பேசிப் பதிவு பண்ணிக்கோங்களேன்" என்றேன்.

"வருஷக்கணக்கா யார் யாரோ குரலைக் காதுல மாட்டிக்கிட்டு அடிச்சிருக்கேன். என் குரலையும் அதே மாதிரி கேக்கணுமா?" என்றார்.

கடைசியில் மாட்டிக்கொண்டவர் லிஃப்ட் மெக்கானிக். மாலையில் அவர் மொட்டைமாடியில் நோட்டோடு உட்கார, அக்கா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே சொன்னார். மனுஷர் வாழ்க்கையில் எழுதியதெல்லாம் பழுதுக் குறிப்பு. 'இருவரும் அமர்ந்தனர். பேச்சு இயங்குகிறது' என்று எழுதி வைத்திருந்தார். அக்கா படித்துப் பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டாராம். அவருடைய எழுத்து வேகத்துக்கு அக்கா காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு வரியை முடிப்பதற்குள் இவர் இரண்டு நடை போய்வருவார். அந்த நடையில் அடுத்த வரி வந்துவிடும், சில சமயம் முந்தைய வரி தப்பு என்றும் தெரிந்துவிடும்.

பாதியில் கணவர் பேனாவை மூடினார்.

"அந்தம்மாகிட்ட கேட்டியா?"

"எதை?"

"அவங்க வீட்டு விஷயத்தை எழுதறோமே. கேட்டியான்னு கேக்கறேன்."

அக்கா நடையை நிறுத்திவிட்டார். ஐந்து நாள் கதை அங்கேயே நின்றது. அந்த ஐந்து நாளும் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை கூடத்துக் கதவு திறக்கும்போதும் எட்டிப் பார்ப்பார். ஆறாம் நாள் மூத்தவர் மறுபரிசோதனைக்கு வந்தார். அக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"கதையா? எழுதிக்கோ" என்றார் அந்தம்மா. "சண்டை எதுக்குன்னு மட்டும் எழுதாத. எனக்கு மறந்துபோச்சு. அவளுக்கு ஞாபகம் இருக்கும், நீ தப்பா எழுதினா மறுபடி கோவம் வரும்."

"அவங்க படிச்சாப் பரவாயில்லையா?"

"படிக்கட்டுமே."

கணவரின் கையெழுத்திலிருந்து கதையைத் தட்டச்சு செய்தது நான்தான். அதற்குள் சிறப்பிதழ் வெளியாகி, கடைகளிலிருந்தும் போய்விட்டது. ஆசிரியர் சாதாரண இதழ் ஒன்றில் போட்டார். நாத்தனார்கள் படித்தார்களா என்று எங்களுக்குத் தெரியாது.

பட்டையைப் பிரித்ததும் மேலாளர் பழைய நாற்காலிக்குக் கூப்பிட்டார். காலையில் தட்டச்சு, மதியத்துக்கு மேல் கூடம் என்றால் வருகிறேன் என்றார் அக்கா. மேலாளர் முகத்தைச் சுளித்தார். இப்படி ஒரு வழக்கமே இங்கே இல்லை என்றார். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டுச் சரியென்றார். நாலரை மணி அலாரத்தையும் அக்கா எடுத்துவிட்டார். ஆறு வரை தூங்குகிறார். முதல் சில நாள் தப்புச் செய்கிற மாதிரி இருந்ததாம், விழித்துக்கொண்டே கண்ணை மூடிக் கிடந்தாராம்.

அப்போதுதான் ஆசிரியரின் ஃபோன் வந்தது. கதைக்கு நல்ல பெயராம், அடுத்த மாதமே இன்னொன்று வேண்டுமாம். அக்கா என் பக்கத்தில் நின்றுதான் பேசினார்.

"அடுத்த மாசம் முடியாது சார். வந்தா நானே அனுப்பறேன்."

ஃபோனை வைத்துவிட்டு, "கோவிச்சுக்குவாரோ? திரும்பக் கூப்பிட்டுச் சரின்னு சொல்லிடவா?" என்று தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்தார். ஆனால் கூப்பிடவில்லை.

அடுத்த கதைக்கு ஐந்து மாதம் ஆனது. அந்த மாதங்களிலும் பழைய தவிப்பு வராமல் இல்லை. வந்தால் எழுந்து நடந்துவிடுவார், அவ்வளவுதான். அந்தக் கதையை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். கடைசி இரண்டு பக்கம் உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார். மதியம் அக்கா அந்தக் குறிப்பை அலுவலகச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இரண்டு தடவை படித்தார்.

"சரியாத்தான் சொல்றாரு" என்றார். "நீ சாப்பிடு, ஆறிடும்." அவரும் தன் பெட்டியைத் திறந்தார்.