மாமா சைட் பார்த்த கதை

மாமா நாமக்கல்லில் வீட்டுமனை வாங்கப்போகிறார் என்றுதான் குடும்பத்தில் அனைவரும் நம்பினோம்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் மிளகுத் தோட்டம் வைத்திருப்பவர். சென்ற மாதம் காரணம் சொல்லாமல் அடிக்கடி பஸ் ஏறி நாமக்கல் போய்வந்தார். ஒருநாள் போனில் யாரிடமோ, "மறுபடி சைட் பாக்க வரச்சொன்னீங்களே... வெள்ளிக்கெழம வாரேனுங்க" என்று அவர் பேசியது அக்காவின் காதில் விழுந்துவிட்டது.

சைட் என்றால் மனை. வேறென்ன? மலையை விட்டு இறங்கத் தீர்மானித்துவிட்டார் என்று கலங்கிய அக்கா, சேலத்திலிருந்து என்னை வரவழைத்தாள்.

அக்கா மகள் சுமதிக்கு மட்டும் சிரிப்பு. "அம்மா, எங்க காலேஜ்ல சைட்டுன்னா வேற. அப்பா யாரையாச்சும் பாக்கப் போறாரோ என்னமோ."

"இந்த மூஞ்சிய எவ பாப்பா கண்ணு? மனைதான்" என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமை மாமா திரும்பி வந்ததும் நேராகவே கேட்டாள். "ஏனுங்க, சைட் பாத்தாச்சா?"

மாமா திடுக்கிட்டார். "உனக்கு ஆரு சொன்னது?"

"ஆரு சொன்னா என்னங்க. நீங்க போங்க. நா இந்த ஊட்ட உட்டு வரமாட்டேன்."

"ஊட்ட எதுக்கு உடோணும்? ஆபரேசன் பண்ணுனா அன்னைக்கே அனுப்பிருவாங்களாம்."

மனைக்கு எதற்கு ஆபரேஷன்?

மாமா சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து வைத்தார். வலது கண்ணில் புரை. அவர் பார்க்கப் போன சைட், பார்வை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறுதான் - அது காதுக்குத் தெரியுமா?

"சொன்னா மொளகு பறிக்க ஏணி ஏற உடமாட்டியே" என்றார் மெதுவாக.

மங்கலான கண்ணோடு இத்தனை நாளும் ஏணியின் உச்சியில் நின்று மிளகு பறித்திருக்கிறார். அக்கா சொன்னாள்: "மனையே வாங்கியிருக்கலாமுங்க."

மலையிலுள்ள வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் செய்வதும் சைட் சீயிங்தான். ஒரு சொல்லை இப்படியா வேலை வாங்குவது என்று தோன்றியது. ஆனால், நம்முடைய 'பார்' மட்டும் என்னவாம்? பெண் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், வீம்புக்காரரை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவும் செய்கிறோம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஏணியைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டாள் அக்கா.

அக்காவும் மாமாவும் மலையிலேயேதான் இருக்கிறார்கள்.