சோதனையில் விழுந்த வயல்

கோயிலில் சாயங்காலச் செபமாலையை முன்சொல்வது நான்தான். முதல் பாதியை நான் சொல்வேன். மறுபாதியை மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்ததால் அந்த வேலை என்னிடம் வந்தது. வேறு எதற்கும் நான் முன்னால் நின்றதில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் பென்னாகரம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி அரசாங்கத்துக் கிராம சேவிகா நடந்தே வருவார். ஒருநாள் பெண்களைக் கூட்டிவைத்து, மாதர் குழு தொடங்க வேண்டும் என்றார். புது விவசாய முறைகளை நாமே பேசி, நாமே செய்து பார்க்க வேண்டுமாம். அதற்கு ஒரு தலைவி வேண்டும். தலைவிக்குத் தர்மபுரியில் பயிற்சி கொடுப்பார்கள்.

"படிச்சவங்க யாருங்க?"

எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"இவதாங்க. செபம் சொல்றவ."

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தலைவி ஊருக்குப் போயிட்டா சோறு யாரு ஆக்கறது?" என்றார்.

"தலைவி புருசன்தான்."

சிரித்தார். அனுப்பிவைத்தார்.

பயிற்சி நிலையத்தில் பல ஊர்ப் பெண்கள் வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் பேண்ட் போட்ட ஒரு சார். முதல் நாளே கேட்டார், "லீடர்னா யாரு?"

முதல் பாதி சொல்கிறவள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

"லீடர் பதில் சொல்லக் கூடாது," என்றார் சார். "கேள்வி கேக்கணும். குரூப்பைப் பேச வைக்கணும். புதுசா ஒண்ணை அவங்களே செஞ்சு பாக்கணும். தப்பாப் போனா அவங்களே கண்டுபிடிக்கணும். நீங்க கூட நிக்கணும். அவ்வளவுதான்."

"பதில் நமக்குத் தெரிஞ்சிருந்தா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தெரிஞ்சாலும் சொல்லாதீங்க."

"தெரியலைன்னா?"

"ரொம்ப நல்லது."

எனக்குத் தலை சுற்றியது. தெரியாமல் இருப்பதற்கா பஸ் ஏறி வந்தோம்?

பிறகு பழகிப் பார்க்கச் சொன்னார். வட்டமாக உட்கார வேண்டும். ஒருத்தி தலைவி. மற்றவர்கள் ஊர்ப் பெண்கள். எருக்குழி வெட்டலாமா வேண்டாமா என்று பேச வேண்டும். என் முறை வந்தது. காலையில் எருக்குழி பற்றி அவர் சொன்னது ஒன்றும் எனக்கு நினைவில்லை. உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன்.

சித்தேரி மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"என்னா இது, எழவு வூட்டுல உக்காந்த மாதிரி? குழி வெட்டுனா ஆடு வுழும். நான் வெட்ட மாட்டேன்."

"ஆட்டைக் கட்டிப் போடேன்," என்றாள் இன்னொருத்தி.

"எங்க மலையில வந்து கட்டிப் பாரு, தெரியும்."

அவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடிக்கிறவரை சண்டை ஓயவில்லை. சார் எழுந்து கை தட்டினார்.

"பாத்தீங்களா? இவங்க ஒரு வார்த்தை பேசலை. குரூப் முழுக்கப் பேசிடுச்சு. இதுதான் லீடர்ஷிப்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என்னைத்தான் சொல்கிறார் என்று பிறகுதான் உறைத்தது.

படுக்கப் பாய் விரிக்கும்போது சித்தேரிக்காரி சொன்னாள், "எங்க மலையில பேசாதவளுக்கு வேற பேரு."

"என்னா பேரு?"

"ஊமச்சி."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் யார் சொல்வது சரி, சார் சொல்வதா, இவள் சொல்வதா? புரியாமலே ஊருக்குத் திரும்பினேன்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் தம்பி முந்தின வருடம் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் பங்கு, கிணற்றடியில் ஒரு துண்டு நிலம். அதை அவர் மனைவி, என் ஓரகத்தி, தானே பயிர் செய்து வந்தாள். கையில் ஒரு பெண் குழந்தை. ஒரு பசு. தனி அடுப்பு.

வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தப் பட்டம் பாப்பம். சரியா வெளையலைன்னா நெலத்த நானே ஓட்டிக்கறேன். அந்தப் புள்ள கொழந்தையத் தூக்கிக்கிட்டு நம்ம வூட்டோட வந்து இருக்கட்டும். கஞ்சி ஊத்த மாட்டமா?"

கஞ்சி ஊற்றுவோம். அது அவளுக்கும் தெரியும். அவளுக்கு அந்தக் கஞ்சிதான் பயம். நிலம் போனால் அடுப்பு போகும். அதன் பிறகு எங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்து, போட்டதைத் தின்ன வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குழுவைக் கூட்டினேன். கோயில் பக்கத்து நிழலில் உட்கார்ந்தோம். சேவிகாவும் வந்திருந்தார். சார் சொன்னபடி கேள்வி கேட்டேன்.

"ராகியில புது ரகம் வந்திருக்குது. வரிசையா நடச் சொல்றாங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

சில பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஞானோபதேச வகுப்பில் உட்காருவது போல. எங்கள் ஊரில் கேள்வி கேட்பவர் உபதேசியார் ஒருவர்தான். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் உண்டு. எழுத்து மாறாமல் ஒப்பிக்க வேண்டும்.

"பதிலச் சொல்லிக் குடு," என்றாள் மேலத்தெருக்காரி ஒருத்தி. "மனப்பாடம் பண்ணிக்கறோம்."

"பதில் இல்லீங்கக்கா. நீங்கதான் சொல்லணும்."

"பதில் இல்லாத கேள்விய எதுக்குடி டவுனுக்குப் போயிக் கத்துக்கிட்டு வந்த?"

சிரிப்பு எழுந்தது. நான் அடுத்ததைச் சொன்னேன்.

"யாராவது ஒருத்தர் நெலத்துல சோதனை வயல் போடணும்."

"என்னா வயலு?"

"சோதனை வயல்."

மேலத்தெருக்காரி எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, தெனமும் பரலோக மந்திரத்துல சோதனையில விழ வுடாதேயும்னு கும்பிடறோம். நீதான முன்னால நின்னு சொல்ற? இப்ப நீயே இழுத்துக்கிட்டுப் போயித் தள்ளறயா?"

"தள்ளறது இல்லீங்கக்கா. ஓரமா ஒரு பாத்தியில நட்டுப் பாக்கறது."

"சோதனைய ஓரமா நட்டா ஓரமாவே நிக்குமா?"

சேவிகா இந்து. பரலோக மந்திரம் தெரியாது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கோ சொல்லே குழம்பிவிட்டது. இரண்டும் ஒரே வார்த்தைதான். ஒன்றில் விழக் கூடாது என்று கும்பிடுகிறோம். இன்னொன்றில் இறங்கச் சொல்கிறார்கள். அன்று சாயங்காலச் செபத்தில் அந்த இடம் வந்ததும் என் நாக்குத் தடுக்கியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ஆனால் கூட்டம் கலைவதற்கு முன்பே ஒன்று நடந்தது. என் ஓரகத்தி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னாள், "என் நெலத்துல போட்டுக்கங்க. எனக்கு வராத சோதனையா?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, நெசமாச் சொல்லு. போடட்டுமா? ஓரமா இல்ல. துண்டு முழுக்கப் போட்டாத்தான் எனக்கு ஆகும். வேண்டான்னா இப்பவே சொல்லிரு."

நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போடு என்று சொல்லி விளையாமல் போனால், நிலம் எங்கள் வீட்டுக்கு வரும். நான் சொல்லி வந்ததாக ஆகும். வேண்டாம் என்றால், வீட்டுக்காரர் பேச்சை நான் பேசியதாக ஆகும். இதையெல்லாம் விட, விளையுமா விளையாதா என்று எனக்குத் தெரியாது. சார் சொன்னது ஒன்றுதான் கையில் இருந்தது.

"நீ என்ன நெனைக்கிற?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நான் கேட்டா நீ என்னையே கேக்கற. பசிக்குதுன்னு உன் வூட்டு வாசல்ல வந்து நின்னா, உனக்குப் பசிக்குதான்னு கேப்பயா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

துண்டு முழுக்கத்தான் போட்டாள். நாற்று விட்டு, கயிறு கட்டி, வரிசையாக நட்டோம். நடவுக்குக் குழுப் பெண்கள் வந்தார்கள். உதவிக்குப் பாதி, வேடிக்கைக்குப் பாதி.

"கயிறு எதுக்கு? ராகி ஓடிப் போயிருமா?"

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மாதிரி நிக்குது பாரு. மணி அடிச்சா கலைஞ்சிரும்."

ஓரகத்தி குனிந்து நட்டாள்.

ஆனி போய் ஆடி வந்தது. எங்கள் பழைய ராகி இடுப்புக்கு வளர்ந்தது. அவளுடையது முழங்காலைத் தாண்டி நின்றுவிட்டது. வீட்டுக்காரர் வரப்பில் நின்று பார்ப்பார். வீட்டுக்கு வந்து, "மாட்டுத் தொழுவத்துல இன்னொரு மாடு கட்ட எடம் இருக்குதா பாரு," என்றார் ஒருநாள். அது அவள் பசுவுக்கு என்று எனக்குப் புரிந்தது.

சேவிகாவைக் கேட்டேன். அது குட்டை ரகம்தான், பயப்படாதீங்க என்றார். அவருக்கும் நிச்சயமாகத் தெரியுமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

கூட நிற்க வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். அதை மட்டும் செய்தேன். களை எடுக்கப் போய் நின்றேன். அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. அவள் கோபம் தீரவில்லை. பேச்சு இல்லாமல் எவ்வளவு நேரம் இருப்பது? நானே எங்கள் வீட்டுக் கதையைச் சொல்வேன். போன வருடம் எங்களுக்கு ராகி பற்றவில்லை, ஆடி வரைக்கும்கூட வரவில்லை, விலைக்கு வாங்கினோம் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாளா என்று தெரியாது.

அவளுடையதுதான் முதலில் கதிர் முற்றியது. கட்டை விரல் தடிமனில் கதிர். அறுத்துக் களத்தில் போட்டு அடித்தோம். வீட்டுக்காரர் குவியலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"தம்பி இருந்தப்பகூட இந்தத் துண்டுல இவ்வளவு வரல," என்றார்.

அப்போதுதான் அவர் மறுபக்கம் கிடந்த ராகித் தாளைப் பார்த்தார், மாட்டுக்குப் போட வேண்டியது. குட்டைப் பயிர். தாளும் குட்டை. குவித்தால் ஒரு போர்கூட வராது.

அன்று சாரும் சேவிகாவும் பார்க்க வந்திருந்தார்கள். சார் குழுவைப் பார்த்துக் கேட்டார்.

"சோதனை வெற்றிதானே?"

இந்தத் தடவை யாரும் கை கட்டவில்லை.

"ராகி செயிச்சுது, தாளு தோத்துது," என்றாள் மேலத்தெருக்காரி.

"களி நாம திங்கறோம். மாடு என்னத்தத் திங்கும், வரிசையையா?"

"பாதி நெலத்துல அது, பாதியில இது போட்டா?"

"உனக்குப் பாதி போட நெலம் இருக்குது. இவளுக்கு?"

நான் வாயே திறக்கவில்லை. வெற்றியா தோல்வியா என்று எனக்கே தெரியாது. சார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எதற்கு ஆட்டுகிறார் என்றும் புரியவில்லை.

வீட்டுக்காரர் பெண்கள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"ராகி சரி. இல்லைன்னு சொல்லல. ஆனா தாளு இல்லைன்னா மாட்டை விக்கணும். மாடு போனா எருவு ஏது? எருவு இல்லாம அடுத்த பட்டம் ஏது? நான் சொன்னது சொன்னதுதான். நெலத்த நானே ஓட்டிக்கறேன்."

ஓரகத்தி வீட்டுக்காரரிடம் நேராகப் பேச மாட்டாள். புருசனுக்கு மூத்தவர். ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் என் காதில் சொல்வாள். நான் அவரிடம் சொல்வேன். அதுதான் வழக்கம். அவள் என் பக்கம் வந்தாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய் நின்றாள்.

"மாமா, உங்க ராகி அறுத்ததும் போர்ல பாதித் தாளு எனக்குக் குடுங்க. பதிலுக்கு ராகி அளந்து தரேன். உங்களுக்குப் போன வருசம் ராகி பத்தலைன்னு அக்கா சொல்லிச்சு."

வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் குவியலைப் பார்த்தேன். களை எடுக்கும்போது வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இதற்கென்று சொல்லவில்லை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். குனிந்து ராகியை ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தார்.

"எவ்வளவு தாளு வேணும்?" என்றார்.

அதற்குப் பிறகு நிலத்தை ஓட்டுகிற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. அவள் அடுப்பு தனியாகவே எரிந்தது. அடுத்த பட்டத்துக்கு எதைப் போடுவது என்று அவள் என்னைக் கேட்கவில்லை. போட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

பயிற்சி நிலையத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். புதிதாக வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழுவை எப்படி நடத்தினீர்கள், இவங்களுக்குச் சொல்லுங்க என்றார் சார். எழுந்து நின்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க," என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியலீங்க."

சார் அதைக் கரும்பலகையில் எழுதினார். அடியில் கோடு போட்டார். அந்தப் பெண்கள் கை தட்டினார்கள். நான் உட்கார்ந்தேன்.

ஓரகத்தி இன்றும் ஒன்று கேட்பாள். "அன்னிக்குக் கெணத்தடியில உனக்குத் தெரிஞ்சிருந்துதான? தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம நின்ன, இல்ல?"

தெரியாதுடி என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் நம்புவதில்லை.